கம்பளத்தில் தேசிக்காய்ப் புளி

கம்பளம் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முதலில் மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பேன். ஆட்டு மயிர் என்றால் கொஞ்சம் ஈரம் பட்டதும் ஆடு மணக்க வேண்டும். மணக்காவிட்டால் அது அக்ரிலிக் நூலாக இருக்கலாம், அல்லது யாரோ எதையோ மறைக்க வாசனைத் தூள் தூவியிருக்கலாம். அடுத்ததாக, ஈரமான வெள்ளைத் துணியொன்றால் சிவப்பு இருக்கும் இடத்தை அழுத்தித் தேய்ப்பேன். துணியில் நிறம் ஏறினால் கம்பளத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நடந்துவிடுவேன். இந்த இரண்டிலும் தேறினால்தான் விலையைக் கேட்பேன்.

சுவிற்சர்லாந்தில், பாசல் நகரின் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. அங்கே சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே குணத்துக்கு என் கணவர் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

நான் சேர்ப்பது மெக்சிக்கோவின் தெற்கே, வஹாக்கா பள்ளத்தாக்கில் சபோடெக் மக்கள் தறியில் நெய்கிற கம்பளிக் கம்பளங்களை. மயிர் நிமிர்ந்து நிற்கிற கம்பளங்கள் அல்ல. தட்டையானவை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பவை. படிப்படியாக ஏறி உள்ளே சுருண்டு முடிகிற கோலங்கள், வைர வடிவங்கள், சிலவற்றில் பறவைகள். லாங்கன்தால் என்ற இந்தச் சிறிய ஊரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இதிலே என்ன வந்தது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக் காலத்தில் புத்தகத் தட்டு ஒன்று தேடி இங்குள்ள பழைய சாமான் கடைக்குப் போனேன். புரோக்கி என்பார்கள். அங்கே சாம்பல் நிறக் கம்பளம் ஒன்று சுருட்டிக் கிடந்தது. சீட்டில் துருக்கி என்று எழுதியிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, இணையத்திலும் நூலகத்திலும் தேடி, அது துருக்கி இல்லை என்று நிரூபிக்க ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தேன். அந்தப் பிழையான சீட்டு இல்லாவிட்டால் நான் அதைக் கதவடியில் போட்டுக் கால் துடைத்திருப்பேன்.

இந்த நாட்டில் பழைய சபோடெக் கம்பளங்கள் நினைப்பதைவிட அதிகம். இளமையில் மெக்சிக்கோ பார்க்கப் போன சுவிஸ்காரர்கள் கொண்டுவந்தவை அவை. அவர்கள் வயதாகி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, அல்லது இறந்தபின் பிள்ளைகள் வீட்டை ஒதுக்கும்போது, புரோக்கிக்கு வந்து சேரும். பிள்ளைகளுக்கு அவை என்னவென்று தெரிவதில்லை. எனக்குத் தெரியும். ஆகவே எங்கள் வீட்டில் நடைபாதையில், சுவரில், கட்டிலின் கீழ் என்று அவை பெருகின.

என் மச்சாளுக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, இது கொஞ்சமும் பிடிக்காது. அவர் இதே ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். ஒருவர் இறந்தால் அறை எவ்வளவு விரைவாக வெறுமையாக்கப்படுகிறது, அந்தச் சாமான்கள் எந்தக் கதவால் வெளியே போகின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால் நடைபாதைக் கம்பளத்தை மிதிக்காமல் சுவரோடு ஒட்டித்தான் நடப்பார்.

"செத்த சனத்தின்ரை சாமானை ஆசைப்பட்டு வாங்கிறது இந்த ஊரிலை நீர் ஒரு ஆள்தான்" என்பார். "அதிலை ஆர் கிடந்து செத்தாரோ."

"கம்பளத்திலை கிடந்து ஆரும் சாகேல்லை மச்சாள். கட்டிலிலைதான் செத்திருப்பினம்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மையில் தெரியாதுதான்.

கருவுற்றிருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் புதுக் கம்பளம் ஒன்று வாங்க நினைத்தேன். பழையவற்றில் என்ன பூச்சிமருந்து அடித்தார்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. புதியது என்றால் நெய்தவரையே கேட்கலாம். பாசலில் சபோடெக் பெண் ஒருவர் இருக்கிறார். சுவிஸ்காரரைத் திருமணம் செய்து வந்தவர். ட்ராம் போகிற தெருவில், வீட்டின் கீழ்த்தளத்தில், ஊரில் தன் அண்ணன் குடும்பம் நெய்து அனுப்புவதை வைத்து விற்கிறார். நான் விரும்பியது வெண்மையான, சாயம் போடாத கம்பளி; நடுவே ஒரு பெரிய சிவப்பு வைரம். அந்தச் சிவப்பு கொச்சினீல் என்றார். சப்பாத்திக்கள்ளியில் வாழ்கிற சிறு பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கிற நிறம். விலை கூடியது என்பதால் கடைச் சாயத்தைப் போட்டுவிட்டு கொச்சினீல் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. நான் கம்பளத்தின் மூலையைத் தூக்கி மணந்தேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடித்துப் பார்க்கிறவர்கள், நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கிறவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள், பொலிஸ் நாய் மாதிரி மணந்து பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாசல் ஜெர்மனில் சொன்னார். மேசையில் ஒரு தேசிக்காயும் வைத்திருந்தார். கொச்சினீலில் அந்த எலுமிச்சைப் புளி பட்டால் சிவப்பு செம்மஞ்சளாக மாறும். கம்பளம் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை அது. வெட்டட்டுமா என்று கேட்டார். புதுக் கம்பளத்தில் புளி விட எனக்கு மனம் வரவில்லை. என் வெள்ளைத் துணியில் எதுவும் ஏறவில்லை, அது போதும் என்று வாங்கி வந்தேன். வீடு திரும்பும் ரயிலில் ஒல்டன் நிலையம் தாண்டும் முன்பே, சோதித்திருக்கலாமோ என்று தோன்றியது.

"மெக்சிக்கோ எண்டு சொல்லி வித்திருப்பா" என்றார் கணவர், அதை விரித்துப் பார்த்தபடி. "ஒரு மூலையிலை வடிவாத் தேடிப் பாரும். இந்தியாவிலை செய்தது எண்டு கிடக்கும்."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் நான்கு மூலையும் பார்த்தேன்.

மகள் பிறந்தாள். என் அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்கள். ஆகவே சரக்குத் தண்ணி, பத்தியக் கறி, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் மச்சாள்தான். வேலை முடிந்து நேராக வருவார், கை கழுவுவார், பிள்ளையை வாங்குவார். அவர் இல்லாமல் அந்த மாதம் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைக்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவையும் அவரே ஒழுங்குசெய்தார். பிறப்புத் துடக்கு நீங்க வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். அதை எண்ணி முதல் நாளே கணவரைக் கொண்டு எல்லாக் கம்பளங்களையும் சுருட்டி, சின்ன அறைக்குள் அடுக்கச் சொல்லிவிட்டேன். கம்பளியில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஐயர் காரை ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்தக்கூடிய நீல வலயத்தில் விட்டுவிட்டு வந்தபடியால் நேரம் பார்த்துப் பார்த்து மந்திரம் சொன்னார். மாவிலையால் வரவேற்பறையிலும் கட்டில் அறையிலும் தெளித்துவிட்டுப் போனார். சின்ன அறைப் பக்கம் அவர் போகவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு பல மாதங்களுக்குக் கம்பளங்களை யார் நினைத்தார்கள்? மகள் குப்புறப் படுத்து, நெஞ்சால் ஊரத் தொடங்கியபோதுதான் வெள்ளைக் கம்பளத்தை எடுத்து வரவேற்பறையில் விரித்தோம். விரிக்கும்போது ஈர ஆட்டு மணம் மெல்ல வந்தது. மூடிய அறையின் ஈரம் என்று எண்ணினேன். வெண்மையில் அங்கங்கே இளமஞ்சள் கீற்றுகளும் தெரிந்தன. சாயம் போடாத கம்பளியில் ஆட்டின் சொந்த நிறம் அப்படித்தான் கலந்து வரும். மணமும் நிறமும் உண்மையான கம்பளியின் அடையாளம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

ஒரு காலை மகள் அதன் ஓரத்துக் குஞ்சத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே பாலைக் கக்கினாள். நன்றாகவே கக்கினாள். ஒரு கையில் அவள், மறுகையில் ஈரத் துணி. கம்பளிக்கென்று தனிச் சலவைத் திரவம் வைத்திருக்கிறேன். அது கீழே சலவை அறையில். கைக்கு எட்டியது குசினித் தொட்டியில் கிடந்த சவர்க்காரக் கட்டி. போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மிளகாய்த்தூள் சிந்தியதுபோல, ஒன்று, இன்னொன்று, பிறகு கொத்தாக. துணியைத் திருப்பிப் பார்த்தேன். துணியிலும் சிவப்பு.

சாயம் கழல்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் வரவில்லை. சிவப்பு வைரம் நிறம் விடுகிறது. அப்படியானால் அது கொச்சினீல் இல்லை. ஒழுங்காகப் படிகாரம் இட்டு ஏற்றிய சாயம் இப்படிக் கழலாது. என்ன சாயம் என்று எனக்குத் தெரியாது. தெரியாத சாயம் என் பிள்ளையின் வாய்க்குள் போயிருக்கிறது. விரலை விட்டு அவள் நாக்கைத் துடைத்தேன். நாக்கு எப்போதும்போல இளஞ்சிவப்பாக இருந்தது. அதையும் சந்தேகப்பட்டேன். எல்லா நாளும் இதே சிவப்புத்தானா?

அன்று அவள் கன்னத்தில் ஒரு சிவந்த திட்டும் இருந்தது. பிள்ளை வைத்தியரிடம் கொண்டு போனேன். எச்சில் வடிகிற இடத்தில் வருகிற தடிப்பு, குளிருக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்றார். நான் கம்பளத்தைப் பற்றிச் சொன்னேன். என்ன சாயம் என்று கேட்டார். தெரியாது என்றேன். நாளெல்லாம் குடுவைகளில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே என் வேலை. என் பிள்ளை எதைச் சப்பினாள் என்று கேட்டால் தெரியாது என்கிறேன். வைத்தியர் புன்னகைத்து, அப்படியானால் இப்போதைக்கு அதைச் சப்பக் கொடுக்காதீர்கள் என்றார். அந்தப் புன்னகையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சாள் சொல்லப்போவது எனக்கு முன்னமே தெரிந்திருந்தது, தெரிந்தபடியே சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு உதுகள் சரிவராது. ஒண்டையும் வைக்காதேயும், எல்லாத்தையும் தூக்கிக் குடும்."

கணவர் வழக்கமாக இருவருக்கும் நடுவே நின்று பகிடி விடுகிறவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அக்கா சொல்லுறதிலை ஒரு ஞாயம் கிடக்கு" என்றார். "புதுசே இப்பிடி எண்டால் பழசுகளிலை என்ன கிடக்கு எண்டு எங்களுக்குத் தெரியுமோ? நீரே சொல்லும்."

அதே கேள்வியை அவருக்கு முன்பே நான் என்னிடம் கேட்டுவிட்டேன். மூவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். அந்தச் சிவப்பு பொய் என்றால் வரும் சனிக்கிழமை எல்லாக் கம்பளங்களும் புரோக்கிக்குப் போகும், நான் முதலில் வாங்கிய சாம்பல் கம்பளம் உட்பட. பிள்ளைக்கும் கம்பளங்களுக்கும் நடுவே தெரிவு செய்யச் சொன்னால் எந்தத் தாயும் யோசிக்க மாட்டாள். நானும் யோசிக்கவில்லை. இரண்டு நாட்கள் கம்பளங்கள் கிடந்த சின்ன அறைக் கதவைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

விற்றவரிடம் போகாமல் விட முடியவில்லை. மகளைத் தள்ளுவண்டியில் வைத்து, கம்பளத்தை வண்டிக்குக் கீழே செருகி, ரயிலும் ட்ராமுமாகப் பாசல் போனேன். வழி முழுக்க என் பேச்சை ஜெர்மனில் ஒத்திகை பார்த்தேன். அவர் பிள்ளையைக் கண்டதும் கை நீட்டிக் கொஞ்ச வந்தார். நான் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். அவர் அதைக் கண்டார்.

புள்ளிகளைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார். இது தன் சிவப்பு இல்லை என்றார். கொச்சினீலில் ஒரு குளிர்ந்த ஊதா ஓடும், இது செங்கல் மாதிரி இருக்கிறது என்றார். பின்னே என்ன என்று கேட்டேன். தெரியவில்லை, இப்படியொன்றை இதற்கு முன் கண்டதில்லை என்றார். அந்தப் பதில் எனக்கு ஒரு கைதேர்ந்த பதிலாகப் பட்டது. எதையும் ஒப்புக்கொள்ளாமல் எதையும் மறுக்காமல் பேசுகிற விதம். விருப்பமென்றால் கம்பளத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னபோது என் சந்தேகம் இன்னும் கூடியது. தப்பில்லாதவர் ஏன் இவ்வளவு விரைவாகத் திருப்பி எடுக்கிறேன் என்கிறார்? ஆதாரத்தைக் கையில் வாங்கிவிடப் பார்க்கிறாரோ?

"அப்படியானால் இந்த நிறம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அவர் முதன்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இத்தனை மாதமும் இது உங்கள் வீட்டில்தானே இருந்தது."

பிறகு, தன் அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் இந்தச் சிவப்பின் மேல்தான் தவழ்ந்தார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. நடிப்பு என்று நினைத்தேன். கம்பளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

சபோடெக் கம்பளம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஜெர்மனி, ஒஸ்ரியா ஆட்களும் அதில் உண்டு. அந்தப் பெண்ணின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதில்தான் இருப்பார்கள். திரும்பும் ரயிலில், அவரிடம் வாங்கியவர்கள் சிவப்பைக் கவனியுங்கள் என்று எழுதி, புள்ளிகளின் படத்தையும் சேர்த்தேன். மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அனுப்பும் அம்புக்குறிக்கு மேல் பெருவிரல் நின்றது. சோதிக்காமல் முடிவு எழுதக்கூடாது என்பது ஆய்வுகூடத்தில் எங்களுக்கு முதலாம் ஆண்டே அடித்துச் சொல்லித் தந்தது. அந்தப் பழக்கத்தால்தான் நிறுத்தினேன். அவர் மேல் இரக்கம் வந்ததால் அல்ல. வீட்டுக்குப் போய்ப் புளி விட்டு, நிறம் மாறாததைப் படம் பிடித்து, அதையும் சேர்த்து அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மச்சாள் சோறு வைத்துக்கொண்டு நின்றார். மகளை அவரிடம் கொடுத்துவிட்டு, கம்பளத்தைக் குசினி மேசையில் விரித்தேன். தேசிக்காய் ஒன்றை வெட்டினேன். கறிக்கோ என்று கேட்டார். இல்லை, கம்பளத்துக்கு என்றேன். அவர் பிள்ளையிடம், "உன்ரை அம்மாவுக்கு விசர்" என்று செல்லமாகச் சொன்னார்.

முதல் துளியை வைரத்தின் ஒரு மூலையில் விட்டேன். சிவப்பு மெல்ல இளகி, ஓரத்திலிருந்து செம்மஞ்சளாக மாறியது. நன்றாகவே மாறியது. கொச்சினீல். பாசல் பெண் சொன்னது உண்மை.

எனக்கு நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் வந்தது. அடுத்த துளியை வெள்ளையில் இருந்த ஒரு புள்ளியில் விட்டேன். அதுவும் செம்மஞ்சளாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. பளிச்சென்று மஞ்சளானது. எங்கள் குசினியில் எனக்கு நன்றாகத் தெரிந்த மஞ்சள். அப்போதும் நம்பாமல், சவர்க்காரக் கட்டியை நனைத்து அதே இடத்தில் வைத்தேன். திரும்பவும் சிவப்பு. மறுபடி புளி. மறுபடி மஞ்சள்.

தொழிற்பயிற்சியின் முதல் ஆண்டில் மஞ்சள் தூளில் தோய்த்த தாள்துண்டுகளை வைத்து இதையே செய்திருக்கிறோம். சவர்க்காரத்தில் இருக்கிற காரம் பட்டால் சிவக்கும், புளி பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். வகுப்பில் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்தபோது, மஞ்சள்கறை பட்ட சட்டையைத் தோய்த்து வளர்ந்த நான் ஒருத்திதான் ஆச்சரியப்படவில்லை. அந்த நானே இத்தனை நாளாக அதை இரசாயனச் சாயம் என்று நினைத்துப் பிள்ளையின் நாக்கைத் துடைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மஞ்சள் எப்படி வந்தது? சுருட்டி, அறைக்குள் அடுக்கி, ஐயர் அந்தப் பக்கம் போகவில்லை என்று கண்ணால் கண்ட கம்பளம். நிமிர்ந்து பார்த்தேன். மச்சாள் மேசையைப் பார்க்காமல் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோறு எப்போதோ வெந்துவிட்டது.

"மச்சாள், முப்பத்தொண்டு அண்டைக்கு, ஐயர் போனாப் பிறகு, சின்ன அறைக்குள்ளை தண்ணி தெளிச்சனீங்களோ?"

அவர் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினார். "ஓம். தெளிச்சனான்."

"கம்பளத்துக்கோ?"

"ஒவ்வொண்டா விரிச்சுத் தெளிச்சுப்போட்டுத் திரும்பச் சுருட்டி வைச்சனான். ஐயர் கரைச்ச மஞ்சள் காணாது, வெறும் தண்ணி மாதிரிக் கிடந்தது. நான் இன்னும் கொஞ்சம் போட்டுக் கரைச்சனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?"

விட்டிருக்க மாட்டேன்.

பிறகு அவர் கதிரையில் அமர்ந்து சொன்னார். அவர் வேலைசெய்கிற இல்லத்தில், சன்னலோர அறையில் ஒரு வயோதிபப் பெண் இருந்தாராம். கட்டிலடியில் சாம்பல் நிறக் கம்பளம் ஒன்று கிடக்குமாம், படிப்படியாக ஏறுகிற கோலத்தோடு. அவர் இறந்த அன்று பின்னேரமே சாமான்களைப் புரோக்கி வண்டியில் ஏற்றினார்கள். கம்பளத்தின் ஒரு முனையை மச்சாளே பிடித்துத் தூக்கினார். அதே போன்ற ஒன்றை என் நடைபாதையில் கண்டபோது, அதுதான் இது என்று நினைத்துக்கொண்டாராம். கேட்க நினைத்தார், கேட்கவில்லை. பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் இதையெல்லாம் சொல்லி என்னைப் பயப்படுத்தக்கூடாது என்று, கழிவு நாள் வரட்டும் என்று காத்திருந்தார்.

"எது பழசு, எது புதுசு எண்டு எனக்கு என்னண்டு தெரியும்? எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு. அதாலை எல்லாத்துக்கும் தெளிச்சனான்." பிள்ளையின் முதுகைத் தடவியபடி, "பிள்ளை தவழப் போறது உதிலைதானே" என்றார்.

நான் அந்தச் சாம்பல் கம்பளத்தைப் பல வருடங்களுக்கு முன், தொழிற்பயிற்சிக் காலத்தில் வாங்கினேன் என்று சொன்னேன். மச்சாள் அப்போது அந்த இல்லத்தில் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை. அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார். "அப்ப அது வேறையாத்தான் இருக்கும்" என்றார், முழு மனதில்லாமல்.

ரயிலில் எழுதிய செய்தியை அழித்தேன். மாலை கணவர் வந்ததும் நான் புளியும் சவர்க்காரமுமாகச் செய்து காட்டினேன். அவர் ரசித்துப் பார்த்துவிட்டு, "ஆக, மெக்சிக்கோச் சாயத்திலை பிழையில்லை, எங்கடை அக்காவின்ரை சாயம்தான் கழலுது" என்றார். மச்சாள் அகப்பையை ஓங்கினார். சனிக்கிழமை புரோக்கிக்கு யாரும் போகவில்லை.

சவர்க்காரம் போக நன்றாக அலசி, வெள்ளைக் கம்பளத்தைப் பல்கனிக் கம்பியில் வெயிலுக்குப் போட்டேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, கொச்சினீல் நிற்கும். நாளுக்கு நாள் புள்ளிகள் வெளுத்தன, புளி விட்ட மூலையைத் தவிர வைரம் அப்படியே இருந்தது. மற்றக் கம்பளங்களைச் சின்ன அறையிலிருந்து எடுத்துப் பழைய இடங்களில் போட்டபோது அவற்றிலும் சவர்க்கார விரலால் தொட்டுப் பார்த்தேன். நடைபாதையில், சுவரில், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டுகள் கிளம்பின. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை மச்சாள்.

பாசல் பெண்ணிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். பிறப்புத் துடக்கை ஜெர்மனில் விளக்குவது எளிதல்ல. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் ஊரிலும் பிள்ளை பிறந்த வீட்டில் செய்கிற சிலது உண்டு என்றார், என்னவென்று சொல்லவில்லை. பிள்ளையைக் கொஞ்ச இந்த முறை அவராகக் கை நீட்டவில்லை. நான்தான் தூக்கிக் கொடுத்தேன். வாங்கினார். அவரிடமிருந்து சின்னக் கம்பளம் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டபோது, இன்னும் என்னென்ன தெளிப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றார். அது பாதிதான் பகிடி.

கம்பளத்தைத் திரும்ப வரவேற்பறையில் விரித்த அன்று மச்சாள் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டாமல் நேரே நடந்து வந்து, பிள்ளையைச் சிவப்பு வைரத்தின் நடுவில் இருத்தி, தானும் ஓரமாக அமர்ந்தார். நான் எதிரே இருந்து பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சோதித்தாயிற்று. நிறம் கழலவில்லை, மஞ்சள் விஷம் இல்லை. இருந்தும் என் மடியில் ஈரமான வெள்ளைத் துணி ஒன்று இருந்தது.

மகள் கொஞ்ச நேரம் வைரத்தைக் கையால் அடித்தாள். பிறகு ஓரத்துக்கு ஊர்ந்து போய்க் குஞ்சத்தைப் பிடித்து வாயில் வைத்தாள். நானும் மச்சாளும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். அவர் கைதான் முந்தியது. குஞ்சத்தை வாயிலிருந்து எடுத்து, எச்சிலை விரலால் பிழிந்துவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"ஆடுதான்" என்றார்.